சொரிமுத்தையனார் சந்நிதியில் ஆடி அமாவாசைத் தங்கல்

சங்கரநயினார்கோயில் என்னும் பழம்பெயர் உடைய நம் சங்கரன்கோவிலில் ஆடித் திங்கள் என்றால் அன்னை கோமதியின் தவமே எவர்க்கும் முதற்கண் நினைவுக்கு வரும். அரியும் அரனும் ஒருவரே என்பதைக் கண்ணாரக் காண விழைந்து அம்மை புன்னை வனத்தில் தவமிருந்ததும், உத்திராட நன்னாளில் இறைவன் சங்கரநாராயணராகக் காட்சி நல்கியதும் இவ்வேட்டைப் படிக்கும் அன்பர் அனைவரும் அறிந்தனவே. அத்தவத்தில் ஒரு நுட்பம் உண்டு. அம்மை தன் இருப்பிடம் விட்டு வந்து, வனத்திலே தங்கி, காத்திருந்த பின்னரே காட்சி வாய்த்தது. வழிபாட்டில் சென்று மீள்வது ஒரு வகை. சென்று தங்குவது மற்றொரு வகை. பின்னதற்கு நம் பக்கத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டிருக்கும் பெருவழக்கம், ஆடி அமாவாசையை ஒட்டிப் பொதிகைச் சாரலில் காரையாற்றுச் சொரிமுத்தையனார் சந்நிதியில் குடும்பம் குடும்பமாகக் குடிலிட்டுத் தங்குவதாகும்.

அவ்வாறு தங்கச் செல்லும் குழுவினர் எவ்வெவற்றை முன்கூட்டி ஆய்ந்து செல்ல வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரை. இதனை எழுதக் காரணம் உண்டு. முற்காலத்தில் பத்து நாளுக்குக் குறையாமல் தங்கியவர் பலர். அண்மை ஆண்டுகளில் அந்நாள்கள் குறுகிச் சில நாள்களே ஆயின. அதற்கும் எத்தனையோ நிபந்தனைகள். இது ஏன் நேர்ந்தது என்பதையும், எஞ்சியிருக்கும் சில நாள்களாவது நம் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிலைக்க நாம் செய்யத்தக்கது யாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டிய வேளை இது.

திருக்கோயில் திருநெல்வேலி மாவட்டத்தில், பாபநாசத்துக்கு மேலே, தாமிரபரணிக் கரையில் அடர்ந்த காட்டின் நடுவே அமைந்துள்ளது. ஐயனார் பூரணை, புட்கலை ஆகிய தேவியரோடு எழுந்தருளியிருக்கிறார். மகாலிங்கசுவாமி, சங்கிலிப் பூதத்தார், தளவாய் மாடன், தூசி மாடன், பிரமராட்சதை, பேச்சியம்மன், பட்டவராயன் என ஐயனைச் சூழ்ந்து நிற்கும் தெய்வங்கள் பல. பொன் சொரியும் முத்தையன் என்பதே சொரிமுத்தையன் ஆயிற்று என்பர். சபரிமலை முதலாய ஆறு சாத்தா தலங்களை உடலின் ஆறு ஆதாரங்களோடு ஒப்பிட்டு, இதனை மூலாதாரத் தலம் என்று கூறும் வழக்கும் உண்டு. சாத்து என்னும் சொல் வழிப்போகும் வணிகர் கூட்டத்தைக் குறிக்கும். சாத்தன் என்னும் பெயர்க்கும் அதற்கும் தொடர்பு உண்டென்று கருதும் அறிஞர் உளர். அது பொருந்துமாயின், கூட்டமாகக் காட்டு வழி செல்வோர்க்குக் காவலாக நின்ற கடவுளிடத்துக்குக் கூட்டமாகவே நாம் செல்வது எத்துணைப் பொருத்தம்!

தென்பாண்டி நாட்டில் குலதெய்வம் இன்னதென அறியாத குடும்பத்தாரும் யாதேனும் ஒரு சாத்தாவைக் குலதெய்வமாகக் கொள்வர். சொரிமுத்தையனாரைக் கொண்டோர் எல்லாச் சமயப் பிரிவிலும் எல்லாச் சாதியிலும் உண்டு. இதற்குப் பட்டவராயன் கதையே சான்று பகரும். முத்துப்பட்டன் அந்தணர் குலத்திற் பிறந்தவன். தோற்றொழில் செய்யும் குடியிற் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு மங்கையரைக் காதலித்து, அவர்தம் தந்தையின் சொற்படி அத்தொழிலையும் ஏற்று மணந்தவன். கிடை மாடுகளைக் கவர வந்த கள்வரோடு பொருது, ஆனிரையை மீட்டு உயிர் நீத்தான் என்பது கதை. பேராசிரியர் நா. வானமாமலை முத்துப்பட்டன் கதைப்பாடலைப் பதிப்பித்துள்ளார். ஆநிரை கவர்தலை வெட்சி என்றும் மீட்டலைக் கரந்தை என்றும் புறப்பொருள் வெண்பாமாலை பிரித்துக் கூறும். கரந்தைப் போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு வழிபடுதல் தமிழர் மரபு. இலக்கணம் படிக்கும் மாணாக்கர் நூலில் மட்டும் கண்ட கரந்தை மறவன் ஒருவன் இங்கே தெய்வமாக நின்று, ஆண்டுதோறும் அன்பர்கள் காணிக்கையாகச் செலுத்தும் தோற்செருப்பை ஏற்றுக்கொள்கிறான். செலுத்திய செருப்பு மறு ஆண்டில் தேய்ந்திருக்கும், அவன் அணிந்து காட்டைக் காவல் செய்தமையால், என்பது அன்பர் நம்பிக்கை. வேறு எத்திருக்கோயிலிலும் வாயிற்புறத்தே கழற்றி வைக்கும் பொருள் இங்குக் காணிக்கை. இச்செய்தியைக் குழுவில் வரும் இளைஞர்க்குச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். இரவில் நிகழும் வில்லுப்பாட்டு அவர்களுக்கு அப்போதுதான் விளங்கும்.

திருக்கோயில் சிங்கம்பட்டி சமஸ்தானத்தோடு நெடுங்காலத் தொடர்பு உடையது. ஆடி அமாவாசையன்று சிங்கம்பட்டி ஜமீன்தார் அரச உடையில் மக்களுக்குக் காட்சி தருவது வழக்கமாயிருந்தது. முடிசூட்டப்பெற்ற ஜமீன்தார்களில் இறுதியானவர் என அறியப்பட்ட முருகதாஸ் தீர்த்தபதி அவர்கள் 2020-ஆம் ஆண்டு மே மாதம் இறைவனடி சேர்ந்தார்கள். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் கொரோனாப் பெருந்தொற்றினால் அன்பர்கள் திரளவும் இயலவில்லை.

நாளும் அனுமதியும்

இனி ஏற்பாடுகளுக்கு வருவோம். முதலில் நாள். ஆடித் தபசு பௌர்ணமியை ஒட்டி வருவது. அமாவாசை அதற்கு ஏறத்தாழப் பதினைந்து நாள் முன்னோ பின்னோ வரும். 2024-ஆம் ஆண்டில் தபசு ஜூலை 21 அன்றும் அமாவாசை ஆகஸ்ட் 4 அன்றும் வந்தன. 2025-இல் மாறி, அமாவாசை ஜூலை 24 அன்றும் தபசு ஆகஸ்ட் 7 அன்றும் வந்தன. நம் ஊரார்க்கு இது பெரிதும் கருதத்தக்கது. தபசு முந்தினால், விழாவுக்கு வந்த உறவினரைச் சேர்த்துக்கொண்டு மலைக்குப் புறப்படலாம். அமாவாசை முந்தினால், மலையினின்று மீண்டவுடன் தபசு வேலைகள் காத்திருக்கும். அவ்வாண்டில் செலவுக்கும் உடல் வலிமைக்கும் முன்னதாகவே அளவு வகுத்துக்கொள்ள வேண்டும். 2023-ஆம் ஆண்டில் ஆடியிலேயே ஜூலை 17, ஆகஸ்ட் 16 என இரண்டு அமாவாசைகள் வந்தன. அத்தகைய ஆண்டுகளில் பஞ்சாங்கத்தை மட்டும் நம்பி வண்டி பேசிவிடாமல், திருவிழா எந்த அமாவாசைக்கு என்று திருக்கோயிலில் கேட்டறிதல் வேண்டும்.

அடுத்தது அனுமதி. இத்தலம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள் இருப்பது. 1988-ஆம் ஆண்டு ஏற்பட்ட இக்காப்பகமே தமிழ்நாட்டின் முதற் புலிகள் காப்பகம். ஆதலின் எத்தனை நாள் தங்கலாம், எவ்விடத்தில் குடில் இடலாம், எந்த வண்டி எதுவரை செல்லலாம் என்பனவற்றை மாவட்ட ஆட்சியர், வனத்துறை, காவல்துறை, திருக்கோயில் நிர்வாகம் ஆகியோர் கூடி ஆய்ந்து ஆண்டுதோறும் அறிவிக்கின்றனர். சென்ற ஆண்டு இருந்த விதி இவ்வாண்டும் இருக்கும் என்று கொள்ளுதல் கூடாது. மற்றொன்றையும் நினைவிற் கொள்க. 2019-ஆம் ஆண்டு நவம்பரில் தென்காசி மாவட்டம் தனியே பிரிந்த பின் நாம் தென்காசி மாவட்டத்தார் ஆயினோம். திருக்கோயிலோ திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ளது. அறிவிப்பு திருநெல்வேலி ஆட்சியரிடமிருந்து வெளிவருவதால், நம் பகுதிச் செய்தித்தாளில் அது இடம்பெறாமலும் போகலாம். அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்தில் உறவினர் இருப்பின் அவர்வழிக் கேட்டறிவது நன்று.

அறிவிப்பு விழாவுக்குச் சில வாரங்கள் முன்னரே வெளிவரும். அதுவரை வாளா இருக்கவும் இயலாது. அதற்கு முன் எல்லாவற்றையும் முடிவு செய்யவும் இயலாது. ஆகவே மூன்று நாளுக்கெனத் திட்டமிட்டு, ஒரு நாளாகச் சுருங்கினாலும் பழுது நேராதவாறு அமைத்துக்கொள்வதே அறிவுடைமை. பொருள் வாங்குவதை அறிவிப்புக்குப் பின் வைத்துக்கொள்க. ஆள் சேர்ப்பதையும் பணம் சேர்ப்பதையும் ஆனித் திங்களிலேயே முடித்துவிடலாம். மேலே தங்க இடம் கிட்டாதாயின், பாபநாசத்திலும் விக்கிரமசிங்கபுரத்திலும் உள்ள மண்டபங்களில் தங்கி ஒருநாள் மட்டும் மேலே சென்று வழிபடுவது மாற்று வழி. அமாவாசைக் காலத்தில் அவையும் எளிதிற் கிட்டா என்பதால் அதற்கும் ஒருவர் முன்னரே சென்று பேசி வருதல் நலம்.

நம் ஊரிலிருந்து சுரண்டை, பாவூர்ச்சத்திரம், கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசம் அடைவது நேர்வழி. அண்மை ஆண்டுகளில் தனியார் வண்டிகளை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து அரசுப் பேருந்துகளில் மேலே செல்லுமாறு ஏற்பாடு செய்யப்பட்டு வருகிறது. முன்போல் லாரியில் பாத்திரம், விறகு, ஓலை, கட்டில் என ஏற்றிச் சென்று இறக்கும் காலம் கழிந்தது. இம்மாற்றத்தால் விளையும் விதி ஒன்றே: ஒருவர் கையால் தூக்க இயலாத மூட்டை எதனையும் கட்டற்க. இருவர் சுமக்கும் அண்டாவுக்கு மாறாக, ஒன்றினுள் ஒன்று அடங்கும் நடுத்தரப் பாத்திரங்கள் நான்கு எடுத்துச் செல்க. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்ப்பர். அங்கே நெகிழிப் பைக்காக வழக்காடிக் கொண்டிருந்தால் பின்னால் நிற்கும் நூறு பேர்க்கும் துன்பம்.

குழுவும் பொறுப்பும்

பொறுப்பைப் பிரித்துக்கொள்ளும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். ஏனெனில், குழுவாகச் செல்லும் இடங்களில் மனத்தாங்கல் விளைவது பெரும்பாலும் இங்கேதான். எட்டுக் குடும்பங்கள், நாற்பது பேர் என்று கொள்வோம். ஊர்க் கோயில் கொடைக்கு வரி பிரிப்பதைப் போலத் தலைக்கட்டு வரியாகப் பிரித்துவிட்டால் கணக்கு எளிது. ஆனால் எட்டுப் பேர் உள்ள தலைக்கட்டும் இருவர் மட்டும் உள்ள தலைக்கட்டும் ஒரே தொகை கொடுப்பது, பூசைச் செலவுக்குப் பொருந்துமேயன்றி உணவுச் செலவுக்குப் பொருந்தாது. பூசைக்குத் தலைக்கட்டு வரி, சாப்பாட்டுக்கு ஆள்வரி, சிறுவர்க்குப் பாதி என்று இரண்டாகப் பிரித்துத் தொடக்கத்திலேயே எழுதி வாசித்துவிட்டால் பின்னர் முணுமுணுப்பு எழாது. கைம்பெண்ணாகத் தனித்து வாழ்வோர், வருவாய் இல்லா முதியோர் ஆகியோரிடம் வரி கேளாமல் அவர்களை உடன் அழைத்துச் செல்வது பழைய வழக்கம். அதனைக் கைவிடற்க.

பணம் ஒருவர் கையிலும் கணக்குப் புத்தகம் வேறொருவர் கையிலும் இருக்கட்டும். சமையற்கு ஒருவர் தலைமை. நீராடும் துறைக்கு நீச்சல் அறிந்த இருவர். முதியோர் மருந்துகளுக்குப் பொறுப்பாக ஓர் இளைஞர். எவர்க்கு எம்மருந்து எவ்வேளை என்று ஒரு தாளில் எழுதித் தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லார்க்கும் மேலாகக் குழுத்தலைவர் ஒருவர், அவர் சொல்லை மறுக்கலாகாது என்ற உடன்பாடு. அண்ணாச்சி சொன்னால் கேட்போம், மைத்துனர் சொன்னால் கேளோம் என்று மலையேறிய பின் தொடங்கினால் மூன்று நாளும் வீண். அத்தலைவர் வயதில் மூத்தவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை என்பது எம் கருத்து. கோபம் குறைந்தவராக இருந்தால் போதும்.

அரிசிக் கணக்கு பலர்க்கு இடர் தருவது. பெரியவர் ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 400 கிராம் என்று கொள்க. நாற்பது பேரில் பத்துப் பேர் சிறுவர் என்றால், அவர்களைப் பாதியாகக் கொண்டு முப்பத்தைந்து பெரியவர் அளவு. ஒரு நாளைக்கு 14 கிலோ. மூன்று நாளைக்கு 42 கிலோ. அருகிலுள்ள குடிலார்க்கும் வருவோர்க்கும் இடுவதற்குச் சேர்த்து 50 கிலோ, அதாவது 25 கிலோ சிப்பம் இரண்டு. சிப்பத்தைப் பத்துப் பத்துக் கிலோவாகத் துணிப்பைகளில் பிரித்துக்கொண்டால் சுமை பங்காகும். பருப்பு பெரியவர்க்கு 60 கிராம் வீதம் ஆறரைக் கிலோ அளவில் அமையும். காய்களில் சேனை, வாழைக்காய், பூசணி, தேங்காய் ஆகியன கெடாமல் இருப்பன. முதல்நாள் பகலுக்கு வீட்டிலிருந்தே புளியோதரை கட்டிச் சென்றுவிடுக. அடுப்பு அமைத்து உலை ஏற்றுவதற்குள் மாலையாகிவிடும். அடுப்பு எவ்விடத்தில் மூட்டலாம், எரிபொருள் யாது என்பதை அங்குள்ள பணியாளரிடம் கேட்டே செய்தல் வேண்டும். காட்டில் ஒரு சுள்ளியும் ஒடித்தல் கூடாது. ஐயனார்க்குச் சைவப் படையல். சுற்றியுள்ள காவல் தெய்வங்கள் சிலவற்றுக்குக் கிடா வெட்டுவது சில குடும்பங்களின் வழக்கம். ஒரே குழுவில் இரு வழக்கத்தாரும் இருப்பின், அடுப்பும் பாத்திரமும் வேறு வேறாகக் கொள்வதைப் புறப்படும் முன்னரே பேசி முடித்துவிட வேண்டும்.

குடிநீர் ஆற்றுநீரேயாயினும், பல்லாயிரம் பேர் கூடும் நாள்களில் கொதிக்க வைத்து ஆற்றியே பருகுக. நாற்பது பேர்க்கு நாளொன்றுக்கு 120 லிட்டர் தேவைப்படும். இரவு சமையல் முடிந்து அடுப்புத் தணியும் வேளையில் மறுநாளைக்கான நீரைக் கொதிக்க வைத்துவிடுவது நல்ல முறை.

மகளிர்க்கான வசதிகள் பற்றி இத்தகைய கட்டுரைகளில் எவரும் எழுதுவதில்லை. எழுத நாணுவதில் பயனில்லை. தற்காலிகக் கழிப்பிடங்கள் அமைக்கப்பெறுகின்றன எனினும் கூட்டத்துக்கு அவை போதா. குடில் இடும்போதே அவற்றுக்கு அணித்தாக, ஆனால் காற்று எதிர்முகமாக வீசாத இடமாகப் பார்ப்பது நன்று. பெண்கள் இருவர் மூவராகவே செல்ல வேண்டும். இரவில் கைவிளக்கு இன்றியமையாதது. உடை மாற்ற நான்கு கழியும் இரண்டு பழஞ்சேலையும் கொண்டு ஒரு மறைப்புக் கட்டிவிட்டால், மூன்று நாளும் அவர்களுக்கு அதைவிடப் பேருதவி வேறில்லை. கழிகளை ஊரிலிருந்தே கொண்டு செல்க.

மலைவழியும் ஆறும்

பத்துப்பாட்டில் பத்தாவதாக விளங்கும் மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. செங்கண்மாத்து வேள் நன்னனிடம் செல்லும் கூத்தர் கூட்டத்துக்கு வழிகாட்டுவதாகப் பெருங்கௌசிகனார் பாடியது. இளமையில் உரையோடு அதனைப் படித்தபோது இயற்கை வருணனையாகவே எமக்குத் தோன்றியது. வயது ஏறிய பின்னரே, அது குழுவாக மலையேறுவோர்க்கான கையேடு என்பது தெரிந்தது. தினைப்புனத்தை மேய வரும் பன்றிக்காக வைத்த பொறிகள் வழியில் உள, ஆதலின் இருளில் நடவாமல் தங்கிப் பொழுது புலர்ந்த பின் செல்லுங்கள் என்கிறார் புலவர். குழிகளில் பாம்பு மறைந்திருக்கும், பார்த்துக் கடந்து செல்லுங்கள் என்கிறார். யானையை விரட்டப் புனங்காப்போர் எறியும் கவண்கல் வரும் என எச்சரிக்கிறார். பாசி படிந்து வழுக்கும் இடங்களையும், பற்றிச் செல்லக் கொடிகள் இருப்பதையும் கூறுகிறார். கூட்டத்தில் பாடும் மகளிரும் இசைக்கருவி சுமப்போரும் உள்ளனர் என்பதை மறவாமல் ஒவ்வொன்றையும் சொல்லிச் செல்கிறார். இரண்டாயிரம் ஆண்டுக்கு அணித்தான பழமை உடைய அவ்வறிவுரையில் பன்றிப்பொறி ஒன்று நீங்கலாக மற்றவை காரையாற்றுக்கும் பொருந்துவன.

இருட்டிய பின் குடில் எல்லையைத் தாண்டலாகாது. யானை, கரடி, சிறுத்தை உலவும் காடு அது. நாம் அங்கே விருந்தினர். மிஞ்சிய சோற்றைக் குடிலுக்குப் பின்னால் கொட்டினால் காட்டுப்பன்றியும் குரங்கும் அதற்குப் பழகிவிடும். பழகிய விலங்கு மறுநாள் உரிமையோடு வரும். செருப்பை உதறிப் பார்த்தே அணிய வேண்டும். பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும் கேடு விளைக்கும். தீண்டப்பட்டவரை நடக்க விடாமல், கடியுண்ட உறுப்பை அசையாமல் வைத்து, விரைந்து மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். விழா நாள்களில் அமைக்கப்படும் மருத்துவ முகாம் எங்குள்ளது என்பதைச் சென்று இறங்கியவுடனே அறிந்துகொள்க. அதற்கு மேல் அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை உண்டு. கைப்பேசிக்குக் காட்டினுள் எங்கும் தொடர்பு கிடைக்கும் என்று எண்ணியிருக்க வேண்டா. சிறுவர் கழுத்தில் பெயரும் தந்தை பெயரும் ஊரும் எழுதிய அட்டையைக் கட்டிவிடுங்கள். காலை, மாலை இரு வேளையும் குழுத்தலைவர் தலை எண்ண வேண்டும்.

ஆற்றைப் பற்றிக் கூற வேண்டுவன தனி. தாமிரபரணி பார்வைக்குக் கண்ணாடி போல் அமைதியாக ஓடும். ஆனால் ஆடி மாதம் தென்மேற்குப் பருவக்காற்றின் காலம். மேலே 143 அடி உயர அளவுடைய பாபநாசம் அணை இருக்கிறது. மலையுச்சியில் மழை பொழிந்தாலோ அணையிலிருந்து நீர் திறந்தாலோ, கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு பெருகலாம். ஆதலின் ஆற்றோரம் குளிர்ச்சி என்று கருதி நீர்விளிம்பில் குடில் இடுதல் கூடாது. பாறைகளுக்கு இடையில் கசம் உள்ள இடங்களில் நீச்சல் வல்லோரும் சுழலில் அகப்படுவர். காவலர் குறித்த துறையில் மட்டும், பகலில் மட்டும், சிறுவரைக் கையிற் பிடித்து நீராட்டுக. நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வரக் கண்டால் உடனே கரையேறுங்கள்.

சதுரகிரியில் 2015-ஆம் ஆண்டு மே மாதம் திடீர் வெள்ளத்தில் அன்பர்கள் சிலர் உயிரிழந்ததை நம் பகுதியில் அறியாதார் இலர். சுந்தரமகாலிங்கத்தைத் தரிசித்து இரவு மலையிலே தங்கி வருவதைப் பேறாகக் கருதிய குடும்பங்கள் நம் ஊரிலும் எத்தனையோ உண்டு. அவ்வெள்ளத்துக்குப் பின்னர் அங்கு இரவுத் தங்கலுக்குத் தடை வந்தது. மாலைக்குள் இறங்கிவிட வேண்டும் என்னும் நிலையில், முழங்கால் வலியுள்ள முதியவர் பலர் சதுரகிரியையே மறந்துவிட்டனர். காரையாற்றிலும் தங்கல் நின்றுபோகுமானால், நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு மலைத் தங்கல் என்பது கதையாகவே முடியும்.

நாள்கள் குறைந்ததற்கு அரசு அலுவலரைக் குறை கூறுவோர் உளர். பரம்பரை உரிமை பறிபோயிற்று என்பது அவர்தம் வருத்தம். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நூறாண்டுக்கு முன்பும் அக்காட்டில் புலி இருந்தது, நம் பாட்டனாரும் இருந்தனர். ஒருவரால் மற்றவர் அழியவில்லை. ஆனால் பாட்டனார் கொண்டு சென்றது ஓலையும் மண்பானையும். விட்டு வந்தது சாம்பல். நாம் விட்டு வருவது எவை? நெகிழிப் புட்டி, சோப்பு உறை, ஷாம்புப் பொட்டலம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆற்றில் விட்ட துணி. பாபநாசத்திலும் காரையாற்றிலும் பரிகாரம் என்று கருதி, உடுத்து மூழ்கிய ஆடையை ஆற்றிலே களைந்துவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. அத்துணிகள் பாறையிடுக்கில் சிக்கி, மீன் திரியும் இடத்தை மூடி, நீராடுவோர் காலையும் சுற்றிப் பிணிக்கின்றன. தன்னார்வலர் ஆற்றில் இறங்கி வண்டி வண்டியாக அவற்றை அள்ளிக் கரையேற்றுகின்றனர்.

இது சமய விதியோ எனின், அன்று என்பதே எம் துணிபு. பதினெண்கீழ்க்கணக்குள் ஒன்றாகிய ஆசாரக்கோவை நீராடும் முறையைக் கூறுமிடத்து, நீரில் உமிழ்தலும் விளையாடுதலும் ஆகா என்று விலக்குகிறது. உமிழ்நீரையே விலக்கிய மரபு, அழுக்குத் துணியை நீர்த்தெய்வத்தின் மேல் எறியச் சொல்லியிருக்குமா? பாவத்தைத் துணியோடு விடலாம் என்றால், அத்துணி போய்ச் சேரும் ஊரார் என்ன பாவம் செய்தனர்? இவ்வாறு பொதிகையில் தோன்றித் தமிழகத்திலேயே கடலிற் கலக்கும் ஆறு அது. நெல்லை, தூத்துக்குடி மக்கள் குடிப்பதும் அந்நீரே. உடுத்த துணியைப் பிழிந்து பையிலிட்டு வீடு கொண்டுவந்து, துவைத்து, தேவைப்படுவோர்க்குக் கொடுத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்கள் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டவை. காட்டினுள் அத்தடை மேலும் கடுமையானது. வாழையிலை, வீட்டு வட்டில், பித்தளைச் செம்பு, மஞ்சள் துணிப்பை ஆகியன போதும். குழுவுக்கு இரண்டு சாக்கு எடுத்துச் சென்று, மட்காத குப்பை முழுவதையும் அவற்றில் இட்டுக் கீழே கொண்டுவந்து சேர்ப்பதை ஓர் இளைஞர் பொறுப்பில் விடலாம். ஒலிபெருக்கி வேண்டா, மது எந்த வடிவிலும் வேண்டா. மதுவருந்துவோர் ஒருவர் குழுவில் சேர வேண்டினால், அவர் எத்துணை நெருங்கிய உறவாயினும், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று சொல்லிவிடும் துணிவு தலைவர்க்கு இருத்தல் வேண்டும்.

தங்கும் நாள்களில் என்ன செய்வது என்று இளையோர் வினவுவர். கைப்பேசி வாய் மூடியிருக்கும் மூன்று நாளில் செய்வதற்கு எவ்வளவோ உண்டு. சென்ற நாள் மாலையில் எல்லாச் சந்நிதிகளையும் வலம் வந்து, குழுவின் பெயரால் ஐயனார்க்கு விளக்கேற்றுக. அமாவாசைப் புலர்காலையில், தந்தையை இழந்தோர் ஆற்றங்கரையில் முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைத்துக் கடன் ஆற்றுவர். அவ்வேளையில் மற்றையோர் குழந்தைகளை அமரவைத்து, மூன்று தலைமுறை முன்னோரின் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கலாம். பாட்டனார் பெயர் தெரிந்த பிள்ளைகளுக்கும் பூட்டனார் பெயர் தெரிவதில்லை. பகலில் பொங்கலிட்டுப் படையல். மாலையில், வயதான பாட்டி எவரேனும் இருப்பின், அந்நாளில் மாட்டு வண்டி கட்டி இம்மலைக்கு வந்த வரலாற்றைச் சொல்லச் செய்து கேளுங்கள்.

இறங்கும் நாளில் அதிகாலையிலேயே குடிலைப் பிரித்துவிடுக. பேருந்துக்கு நெடிய வரிசை நிற்கும். முதியோரையும் கைக்குழந்தையோடு இருப்போரையும் முதற்பேருந்தில் ஓர் இளைஞர் துணையோடு அனுப்பிவிட்டு, சாமான்களோடு மற்றையோர் பின்னர் இறங்கலாம். இரு பகுதியாரும் சந்திக்கும் இடம் இன்னதென்று மேலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். பாபநாசம் உலகம்மை உடனாய பாபநாசநாதர் திருக்கோயில் வாயில் அதற்கு ஏற்றது. நவகைலாயத்துள் முதலாவதான அத்தலத்தில் வழிபட்டு, தலை எண்ணி, குப்பைச் சாக்குகளை உரிய இடத்தில் ஒப்படைத்து, ஊர் திரும்புக. எஞ்சிய அரிசியும் பருப்பும் எவர் வீட்டிலும் தங்கலாகாது, அன்னதானத்துக்குக் கொடுத்துவிடுக. வரவு செலவை அந்த வாரமே எட்டுத் தலைக்கட்டாரையும் கூட்டி வாசித்து, மிச்சப் பணத்தை அடுத்த ஆண்டு ஆனி மாதத்துக்கென அஞ்சலகச் சேமிப்பில் இட்டு, கணக்குப் புத்தகத்தில் எல்லாரிடமும் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.